நாற்பத்து நான்கு சுழிகள்

1986ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்குத் திருநகரில் காற்று இல்லை. வானத்தில் மேகமும் இல்லை. திருப்பரங்குன்றத்து மலையின் அடிப்பகுதியை மட்டும் மெல்லிய பனிமூட்டம் மறைத்திருந்தது. எட்டு மணிக்குள் அதுவும் கலைந்து, வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது.

நானும், எங்கள் தெருவில் குடியிருந்த பாகீரதியும் கண்மாய்க் கரைவழியே நல்லகாமனைப் பார்க்கச் சென்றுகொண்டிருந்தோம். பாகீரதி ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். பங்குனி மாதத்தில் கூட்டமாகப் பறந்து செல்லும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஓராண்டில் முந்தியும் ஓராண்டில் பிந்தியும், ஓராண்டில் மிகுந்தும் ஓராண்டில் குறைந்தும் வருவதைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஆய்வேடு நல்லகாமன் பதினைந்து ஆண்டுகள் எழுதிவைத்த எண்களை நம்பி நின்றது. அவற்றுள் ஓர் ஆண்டின் எண்கள் மெய்தானா என்பதை அவரிடமே கேட்டுவிடுவதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தோம். மெய்யில்லையென்றால் மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் நீக்க வேண்டும். ஓர் ஆண்டு பொய்யானால் மற்றப் பதினான்கு ஆண்டுகளைத் தேர்வாளர்கள் எந்த அளவுக்கு நம்புவார்கள் என்பதும் தெரியாது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து வாரங்களே இருந்தன.

“அவர் என்ன சொல்றாரோ அப்படியே மாத்திடுவேன் சார்,” என்று பாகீரதி வழியிலேயே கூறிவிட்டார்.

நல்லகாமன் 1927இல் உசிலம்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பதாம் வயதில் எங்கள் பகுதிக் கண்மாயின் மடைகளைத் திறந்து அடைக்கும் அரசுப் பணியாளராக வந்து சேர்ந்தார். கரைக்குக் கீழே, திருமங்கலம் சாலையை ஒட்டி, கம்பிவேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. தகட்டாலான ஓர் உருளை. அதன் வாயில் ஒரு புனல். உள்ளே ஒரு குப்பி. நாள்தோறும் காலை எட்டரை மணிக்குக் குப்பியில் சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மடை வேலையோடு இந்த வேலையும் அவருக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாளே அவருக்கு ஒரு விதி சொல்லித்தரப்பட்டது. குப்பியைப் பார்த்து, அதில் நீர் இல்லையென்றால் சுழி எழுத வேண்டும். பார்க்காத நாளுக்குக் கோடு போட வேண்டும். சுழியும் கோடும் ஒன்றல்ல. இவ்விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் மழை பெய்யாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே அம்மாதங்களில் குப்பியைப் பார்க்காமலே சுழி எழுதுவது இத்தொழிலில் இருப்பவர்களின் வழக்கம். ஒரு வாரத்துச் சுழிகளைத் திங்கட்கிழமையே எழுதிவைப்பவர்களும் உண்டு.

நல்லகாமன் அப்படி எழுதியதில்லை. 1970ஆம் ஆண்டுப் பங்குனியில் ஒருநாள் விடியற்காலை எதிர்பாராமல் மழை பெய்தது. மாத இறுதியில் சுற்றுவட்டாரத்து ஐந்து பதிவேடுகளையும் ஒப்பிட்ட அதிகாரி, நான்கில் சுழியையும் நல்லகாமனுடையதில் 14 மில்லிமீட்டரையும் கண்டார். நேரில் வந்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டியவர், கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

“இந்த ரிமார்க்ஸ் காலத்த ஏன்யா வெறுமனே விட்டிருக்க? கவர்மெண்டு சும்மாவா கோடு போட்டு அச்சடிச்சுக் குடுத்திருக்கு?”

“அதுல என்னத்தங்கய்யா எழுதுறது?”

“கண்ணுல பட்டத எழுது.”

அந்த அதிகாரி அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். அவர் சொன்னது மட்டும் தங்கிவிட்டது. மறு ஆண்டு, 1971 மார்ச் மாதத்தில், மழைமானிக்கு முன்னால் நின்ற நல்லகாமனின் கண்ணில் பட்டவை மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள். சாலையோரக் கொன்றை மரத்தையும் கரைச்சரிவில் மண்டியிருந்த ஆவாரஞ்செடிகளையும் தாண்டி, ஆள் உயரத்தில், தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் எண்ணினார். எழுதினார். பதிவேட்டை ஒவ்வொரு மாதமும் அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதால், அதன் நகலை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது அவர் வழக்கம். அலுவலகத்தில் அந்தக் கட்டத்தை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. நகல் நோட்டுகள் அவருடைய தகரப்பெட்டியில் இருந்தன.

எண்ணுவதற்கு அவர் தமக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டார். மார்ச் முதல் நாள் தொடங்கிச் சித்திரை பிறப்பதற்கு முந்தைய நாள் வரை நாற்பத்து நான்கு நாள். எட்டரை மணிக்குக் குப்பியைப் பார்த்த உடனே தொடங்கி, எட்டே முக்கால் மணிப் பேருந்து வந்து நிற்கும் வரை. வேலியின் கிழக்குக் கல்தூணுக்கும் கொன்றை மரத்துக்கும் இடையே வடக்கு நோக்கிக் கடப்பவை மட்டுமே கணக்கு. அங்கேயே வட்டமிடுபவை கணக்கில் சேரா. “சோலி இல்லாமச் சுத்திக்கிட்டுத் திரியறதுக்கெல்லாம் நான் பேரேடு போட முடியாதுல்ல,” என்பார். பத்துக்கு ஒரு புளியங்கொட்டையாக, சட்டையின் வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றுவார்.

அந்த எண்களைப் பின்னர்ப் படியெடுத்தவன் என்ற முறையில் சிலவற்றை மனப்பாடமாகவே சொல்வேன். 1972இல் மார்ச் 4ஆம் நாளே முதற்கூட்டம் வந்துவிட்டது. 1974இல் ஏப்ரல் 2ஆம் நாள் வரை ஒன்றையும் காணோம். பிறகு வந்தவையும் பதினொரு நாளில் ஓய்ந்தன. அவ்வாண்டு ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தது. மறு ஆண்டு, 1975இல், நாற்பத்து நான்கு நாளும் சேர்த்து முப்பத்தெட்டுப் பூச்சிகளே வந்தன. இருபத்தொன்பது நாள் சுழி. 1977 மார்ச் 22 அன்று பதினைந்து நிமிடத்தில் 640. அறுபத்து நான்கு கொட்டைகள்.

அந்த 640ஐ முதலில் கேட்டவர் அவருடைய மனைவி அன்னக்கொடி. அவர் திருநகரில் கீரை விற்பவர். எட்டே முக்கால் மணிப் பேருந்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கூடையுடன் நிறுத்தத்துக்கு வருவார். வேலிக்குமேலே கைநீட்டி, கூழ் நிறைந்த தூக்குவாளியைக் கொடுப்பார். எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேசக்கூடாது என்பதை அறிந்தவர். பேருந்து வந்து நின்ற பிறகு, ஏறும்போது ஒரே ஒரு கேள்வி.

“இன்னைக்கு எம்புட்டு?”

“அறுநூத்தி நாப்பது.”

“அம்புட்டுத்தானா?”

ஒன்பது என்று சொன்னாலும் அதே “அம்புட்டுத்தானா?”தான். நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பேயாண்டி, நல்லகாமனின் அக்காள் மகன். “அத்தைக்கு வேணும்னா நாளைக்கு ஒரு கூடை புடிச்சிக் குடுங்க மாமா, கீரையோட சேத்து விக்கட்டும்,” என்பார். “சர்க்காரு சம்பளத்துல பூச்சி மேய்க்கிற ஆளு ஒங்க மாமாதான்டா. நான் கீரை விக்கிறதே மேல்,” என்று அன்னக்கொடி படியில் நின்றபடி சொல்வார். பேருந்து கிளம்பிவிடும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1978 பிப்ரவரியில் அன்னக்கொடிக்கு வயிற்றில் வலி வந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். 19ஆம் நாள் இறந்துபோனார். நோட்டில் அன்றும் அதற்கடுத்த இரு நாளும் மழைக் கட்டத்தில் கோடு இருக்கிறது. 22ஆம் நாள் முதல் சுழி. அதாவது நான்காம் நாள் நல்லகாமன் வேலைக்கு வந்துவிட்டார்.

அந்த ஆண்டைப் பற்றி அவர் எதுவும் கூறியதில்லை. நான் அறிந்ததெல்லாம் பேயாண்டி சொன்னதுதான். நல்லகாமன் நாள்தோறும் எட்டரை மணிக்கு வேலிக்குள் வருவார். குப்பியைப் பார்ப்பார். பேருந்து வரும் வரை நிற்பார். பேருந்து வந்து போகும். அதன்பின் கடைக்கு வந்து விசிப்பலகையில் அமர்வார். “டீயக் கையில குடுத்தா வாங்கிக்கிருவாரு. குடிச்சு முடிச்சிட்டீகன்னு நாமதான் சொல்லணும். கிளாஸ வாங்கி வைக்கணும்,” என்றார் பேயாண்டி. அழவில்லை. எவரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டை துவைத்ததாகவே இருந்தது. மடைகள் உரிய நாளில் திறக்கப்பட்டன, உரிய நாளில் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் முதல் நாளிலிருந்து ஏப்ரல் 13 வரை, வண்ணத்துப்பூச்சிக் கட்டத்தில் நாற்பத்து நான்கு சுழிகள்.

1979 மார்ச் 7ஆம் நாள் 12 என்று எழுதியிருக்கிறார். அதன்பின் ஓராண்டும் விடவில்லை.

பாகீரதி அவரைக் கண்டது 1983இல். அந்த ஆண்டு வறட்சி. பேருந்துக்காக நின்றவர், காக்கிச் சட்டை அணிந்த ஒருவர் வெறும் வெளியைப் பார்த்தபடி சட்டைப்பையில் கைவைத்து நிற்பதைக் கவனித்துக் கேட்டிருக்கிறார்.

“என்ன பாக்கறீங்க?”

“பஸ் வரட்டும்மா, சொல்றேன்.”

பேருந்து வந்தது. “மூணு,” என்றார் நல்லகாமன். “போன வருஷம் இதே தேதிக்கு எழுபது.”

பாகீரதி அன்று பேருந்தில் ஏறவில்லை. போன ஆண்டின் இதே தேதியை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்று கேட்க, தகரப்பெட்டி வெளியே வந்தது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆள் எண்ணிய இத்தனை ஆண்டுக் கணக்கு தம் பல்கலைக்கழக நூலகத்தில்கூட இல்லை என்று அவர் என்னிடம் கூறினார். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு காலைநடையாகக் கண்மாய்ப் பக்கம் போய்வருபவன், நல்லகாமனை அறிந்தவன். எனவே நோட்டுகளைப் படியெடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். 1985இல் அவர் பணி ஓய்வு பெற்ற பிறகு, அவ்வாண்டுக் கணக்கையும் சேர்த்துப் பதினைந்து ஆண்டுகளையும் அட்டவணையாக எழுதிக் கொடுத்தேன்.

பாகீரதி அந்த அட்டவணையை மழையளவோடு பொருத்தினார். முந்தைய ஐப்பசி, கார்த்திகை மழை குறைந்தால் பூச்சிகள் பிந்தி வருகின்றன, குறைவாக வருகின்றன. மழை நன்றாகப் பெய்தால் முந்தி வருகின்றன, மிகுதியாக வருகின்றன. எல்லா ஆண்டும் ஏறத்தாழ இப்படியே பொருந்தின, 1978 நீங்கலாக. 1977 கார்த்திகையில் கண்மாய் மறுகால் பாயும் அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த பங்குனியில் ஒரு பூச்சிகூட இல்லை. பாகீரதியின் ஆய்வு வழிகாட்டி இந்த ஒரு சுழியைத்தான் பெரிதாக மதித்தார். மழையில்லாமை அழிப்பதைப் போலவே அளவுக்கு மிஞ்சிய மழையும் கூட்டுப்புழுக்களை அழிக்கிறது என்பதற்கு இது சான்று என்றார். மூன்றாம் அத்தியாயம் அதைக் கொண்டே எழுதப்பட்டது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நல்லகாமன் பெயரை அச்சிடுவதென்றும் முடிவாயிற்று. பேயாண்டி இச்செய்தியைக் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார்.

இந்த மார்ச் மாதத் தொடக்கத்தில், தட்டச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வேண்டும் என்று மூல நோட்டுகளை ஒருமுறை மீண்டும் எடுத்துவைத்துக்கொண்டேன். படியெடுக்கும்போது எண்ணை மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது எழுத்தைப் பார்த்தேன்.

1975ஆம் ஆண்டின் சுழிகள் இருபத்தொன்பதும் தனித்தனியே நின்றன. மழைக்கு ஒரு சுழி. பக்கத்துக் கட்டத்தில், நடுவில், பூச்சிக்கு ஒரு சுழி. சிலவற்றின் அருகே ‘காற்று’ என்றோ, ‘ஒன்று வந்து திரும்பிவிட்டது’ என்றோ குறிப்பு இருந்தது. 1978இல் குறிப்பு எதுவும் இல்லை. மழைச் சுழியை முடித்த பேனா தாளைவிட்டு எழாமலே, இரு கட்டங்களுக்கு இடையிலுள்ள கோட்டைக் கடந்து, அடுத்த சுழியையும் போட்டிருந்தது. சங்கிலியின் இரு கண்ணிகளைப் போல ஒட்டிய சுழிகள். நாற்பத்து நான்கு நாளும் அப்படியே. கை ஒன்றை எழுதியது. நிற்கச் சொல்ல ஆள் இல்லாததால் இன்னொன்றையும் எழுதியது என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது சான்றாகாது.

பாகீரதியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் எப்படி இதைக் கவனிக்காமப் போனேன்?” என்றார். பிறகு, “அவரையே கேட்டுடலாம் சார்,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி முப்பத்தைந்து நிமிடம். ஓய்வுபெற்ற பின் நல்லகாமனுக்கு வேலிக்குள் வேலை இல்லை. வெளியே, அதே கல்தூணின் அருகே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, பழைய காக்கிச் சட்டை. கொன்றை இன்னும் பூக்கவில்லை. பூச்சிகள் வந்துகொண்டிருந்தன: நாலைந்தாக, இடைவெளி விட்டு, அவசரமில்லாமல், எல்லாம் வடக்கே. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு கொட்டை வலப்பையிலிருந்து இடப்பைக்குப் போயிற்று. பாகீரதியும் நானும் ஓரமாக நின்றோம்.

எட்டு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்குப் பேருந்து வந்தது.

“எட்டுக் கொட்டை, மேல ஏழு. எம்பத்தேழு,” என்றார் நல்லகாமன். “வாங்க வாத்தியாரய்யா. வாங்கம்மா. லீவு நாள்ல ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீகளே.”

பேயாண்டி மூன்று தேநீரைக் கொண்டுவந்து விசிப்பலகையில் வைத்தார். “பொஸ்தகம் வந்திருச்சாம்மா? மாமா போட்டோ போடுவீகளா? போடுறதா இருந்தா இந்தச் சட்டை வேணாம், கழட்டச் சொல்லுங்க. என் சம்மந்தகாரவுக வீட்டுலயே சிரிக்கிறாக.”

“இன்னும் வரலை,” என்றார் பாகீரதி. பையிலிருந்து 1978ஆம் ஆண்டு நோட்டை எடுத்து, மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து நல்லகாமனிடம் நீட்டினார். “இதைக் கொஞ்சம் பாக்கணும் நீங்க.”

நல்லகாமன் நோட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓர் ஒட்டிய சுழியைத் தேய்த்தார், அழிகிறதா என்று பார்ப்பவரைப் போல.

“என் எழுத்துத்தான்,” என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“அந்த வருஷம் நல்ல மழை. ஆனா நாப்பத்து நாலு நாளும் சைபர்,” என்றார் பாகீரதி. “ஒரு அத்தியாயம் முழுக்க இதை வச்சுத்தான் எழுதியிருக்கேன். தப்பா இருந்தா எடுத்துடணும். அதுக்காக நீங்க எதையும் மாத்திச் சொல்லக் கூடாது.”

பேயாண்டி கடைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுவிட்டார். “இதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு? மாமா ஒரு நாள் தவறாம வந்தாரு. நான் சாச்சி. இந்தா, இதே தூணுகிட்டத்தான் நின்னாரு. சைபருன்னு எழுதியிருந்தா சைபருதான். ஆமான்னு சொல்லிட்டு டீயக் குடிங்க மாமா, ஆறுது. பொஸ்தகத்துல பேரு வரப்போற நேரத்துல என்னத்துக்கு இழுத்துக்கிட்டு.”

நல்லகாமன் அவரைப் பார்க்கவில்லை. வேலிக்குள் இருந்த மழைமானியைப் பார்த்தார்.

“மழைன்னா குப்பி புடிச்சு வச்சிருக்கும்மா,” என்றார். “நாம நெனப்பில்லாம இருந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். மக்யா நாள் வந்துகூட அளந்துக்கிறலாம். இதுக்கு அப்படிக் குப்பி கெடையாது.”

பாகீரதி நோட்டைத் திரும்ப வாங்கவில்லை. கையில் பென்சில் இருந்தது. அதை எழுதத் தோதாகப் பிடித்திருக்கவில்லை. இன்னும் இரண்டு பூச்சிகள் கல்தூணுக்கும் மரத்துக்கும் இடையே கடந்து போயின. பேருந்து போய்விட்ட பிறகு வருபவை கணக்கில் இல்லை. நல்லகாமனின் கண் அவற்றோடு சிறிது தூரம் போய்த் திரும்பியது.

“தினமும் இங்க வந்து நின்னீங்க. அது எனக்குத் தெரியும்,” என்றார் பாகீரதி. “நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்த வருஷம் பூச்சி வரலையா, நீங்க பாக்கலையா?”

“பாக்கலம்மா.”